காட்டை யார் வெட்டியது?

"எல்லாமே கானன்தான் (அதிகாரபூர்வக் கதைதான்) லா, ஏன் சண்ட?"

பெதெஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி ஆட்டத் தொடரின் கதையைப் பற்றிப் பேச்சு சூடுபிடிக்கிற எந்த மேசையிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடைகளில் நள்ளிரவு தாண்டியும் லோர், அதாவது ஆட்ட உலகத்தின் பின்கதை, பேசும் கூட்டங்களுக்கு இது இப்போது சமாதான மந்திரம். சொல்கிறவர் பெருந்தன்மையாகச் சொல்வதாகத்தான் நினைக்கிறார். எனக்கு இது நெடுநாளாகவே ஒப்பவில்லை. முட்டிக்கொள்ளும் இரண்டு கூற்றும் உண்மை என்றால், இரண்டையும் தேடிப் படித்தவனுக்கும் ஒன்றையும் புரட்டாதவனுக்கும் என்ன வித்தியாசம்? எதிர்ப்பக்கத்தில் "டெவ் (ஆட்டத்தை உருவாக்கியவர்) சொன்னதுதான் கானன்" என்று கையை விரிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதுவும் அதே சோம்பல்தான். யோசிக்கிற வேலையை நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டு ரொட்டி சனாயை முடிக்கப் போய்விடுகிறார்கள்.

முரண்கள் எல்லாம் ஒரே இனம் இல்லை. கதைக்குள்ளே வேண்டுமென்றே நட்டு வைத்த முரண் உண்டு. எழுதியவர் மறந்துபோய் வந்த முரண் உண்டு. அதை மூடப் பிற்பாடு ஒட்டுப் போடுவார்கள். இரண்டையும் "நம்பகமில்லாத கதைசொல்லி" என்ற ஒரே மூட்டையில் கட்டுவதுதான் கோளாறு. பிரித்தெடுக்க ஒரு கேள்வி போதும்: இந்தக் கூற்றை நம்பவைத்தால் அந்த உலகத்துக்குள்ளே யாருக்கு என்ன லாபம்?

சிவப்பு மலைப் போரை எடுத்துக்கொள்வோம். தொடரின் மோரோவிண்ட் ஆட்டம் 2002இல் வந்தது. நெரெவார் என்ற பழங்காலத் தளபதி அந்தப் போரில் எப்படிச் செத்தான் என்ற கேள்விக்கு இன்றுவரை அந்த ஆட்டம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆல்மலெக்சியா, சோத்தா சில், விவெக் என்ற மூவரைக் கடவுளாக வழிபடும் ட்ரைப்யூனல் கோயிலைக் கேட்டால் போரில் பட்ட காயத்தால் இறந்தான் என்கிறது. ஆஷ்லாண்டர் என்ற நாடோடி மக்களின் மரபில் கொலை: ஆல்மலெக்சியா நஞ்சு தோய்த்த மெழுகுவர்த்தி வைத்தாள், சோத்தா சில் நஞ்சு தோய்த்த அங்கி கொடுத்தான், விவெக் நஞ்சு ஏறிய மந்திரம் சொன்னான். விவெக் தன் வாயால் சொல்லும் வரலாற்றில் பழி டாகோத் ஊர் என்ற வில்லன் பக்கம் சாய்கிறது. டாகோத் ஊரிடம் நேரில் நின்று கேட்டால் துரோகம் செய்ததே நெரெவார்தான். நான்கு பேரும் சும்மா சொல்லவில்லை. மூவரும் கொலைகாரர்கள் என்றால் கோயிலே இடிந்துவிடும். கோயில் உண்மை என்றால் ஆஷ்லாண்டர்கள் வெறும் நாடோடிகள். விடியலிலும் அந்தியிலும் மட்டும் கதவு திறக்கும் ஹோலமாயன் மடத்தில் பூசாரிகள் ஏன் ஒளிந்திருக்கிறார்கள்? கோயில் தடைசெய்த பதிப்புகளைக் காப்பாற்றத்தான். ஆட்டக்காரரோ செத்தவனின் மறுபிறவியாக நடுவில் நிற்கிறார். இந்த முரணை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. இது நட்டு வைத்தது.

சிரோடீல் காடு

இப்போது மறுகோடி. இது நன்றாகத் தோண்ட வேண்டிய இடம், ஏனென்றால் மேசையில் இதைப் பற்றிப் பேசுகிற பலரும் மூலத்தைப் படிக்காமலே பேசுகிறார்கள்.

1998இல் ரெட்கார்ட் ஆட்டப் பெட்டிக்குள் 'பேரரசுக் கையேடு' என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சில் வந்தது. பேரரசின் நடு மாகாணமான சிரோடீலின் பெரும்பகுதி முடிவில்லாத வெப்பமண்டல அடர்காடு என்ற வரி அதில்தான் இருக்கிறது. 2006இல் வந்த ஆப்லிவியன் ஆட்டத்தைத் திறந்தால் ஓக் மரமும் புல்வெளியும் இலையுதிர்கால நிறமுமாக ஐரோப்பியக் காடு. "சிரோடீல் முழுக்கக் காடா இருந்தது, பெதெஸ்டா மாத்திட்டான்" என்பது அன்றிலிருந்து தொடரும் புகார். ஆனால் கையேட்டின் அடுத்த வரியைப் படித்தால், நடுப்பகுதியான நிபெனே பள்ளத்தாக்கு புல்வெளி; அதைச் சுற்றி நிலநடுக்கோட்டு மழைக்காடு; தெற்கே ஆற்றோடு போகப் போக வெப்பம் கூடி, கடைசியில் ஆர்கோனியாவின் சதுப்பு. ஆக, புகாரின் அளவே பாதி குறைகிறது. தலைநகரைச் சுற்றிப் புல்வெளி இருப்பது முரணே இல்லை. முரண் வெளிவட்டத்தில் இருக்கிறது.

ஏன் மாற்றினார்கள் என்பதற்குக் கோலாலம்பூர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. 421 மீட்டர் உயரமுள்ள கே.எல். டவர் நிற்பது புக்கிட் நானாஸ் காட்டில். அந்தக் காட்டுப் பாதையில் இறங்கி நடந்தால் தலைக்கு மேலே நிற்கும் கோபுரமே பெரும்பாலும் கண்ணில் படாது. ஆப்லிவியனின் வடிவமைப்பு இதற்கு நேரெதிர்: எந்தக் குன்றில் ஏறினாலும் தலைநகரின் வெள்ளைத்தங்கக் கோபுரம் தெரிய வேண்டும், அதை வைத்தே திசை பிடிக்க வேண்டும். மரங்களுக்கு ஸ்பீட்ட்ரீ என்ற மென்பொருள், எக்ஸ்பாக்ஸ் 360இல் மொத்தம் 512 எம்பி நினைவகம். உண்மையான மழைக்காட்டை அதில் வளர்த்தால் ஒன்று படம் தடுமாறும், இல்லையென்றால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எந்தப் புராணக் காரணமும் இல்லாமலே இந்தக் காடு வெட்டப்பட்டிருக்கும்.

வெட்டியதை எப்படி விளக்கினார்கள் என்பதுதான் சுவாரசியம். முதல் விளக்கம் ஆப்லிவியனுக்குள்ளேயே இருக்கிறது. முதன்மைக் குவெஸ்டுக்கு (ஆட்டத்தின் மையப் பணிக்கு) மான்கர் கமோரன் என்ற ரகசியக் கூட்டத் தலைவனின் உரை நான்கு தொகுதியும் வேண்டும். மூன்றாம் தொகுதியை க்வினாஸ் என்பவன் கடையில் முன்பதிவு செய்திருப்பான். பேசியும் வாங்கலாம், திருடவும் செய்யலாம். அதில், சிம் என்ற நிலையை அறிந்தவர்கள் நிலத்தையே மாற்றி அமைக்கலாம், முன்பு காடாயிருந்த செம்மன்னனின் வீட்டைப் பார் என்று ஒரு வரி. பேரரசை நிறுவிய டைபர் செப்டிம்தான் அந்தச் செம்மன்னன்; கடவுளானதும் (கடவுள் பெயர் டாலோஸ்) காட்டை மாற்றிவிட்டான் என்று பொருள். பெரும்பாலானவர்கள் இதைக் கடந்து போயிருப்பார்கள், ஏனென்றால் குவெஸ்ட் கேட்பது பத்திகளின் முதல் எழுத்துகளை மட்டும். எழுத்தைக் கூட்டிப் படித்து இடத்தைக் கண்டுபிடித்ததும் புத்தகம் மூட்டைக்குள் போய்விடும். 2011இல் ஸ்கைரிமில் வைட்ரன் நகரத்து டாலோஸ் சிலைக்குக் கீழே கத்திக்கொண்டிருக்கும் பூசாரி ஹைம்ஸ்கரும் இதையேதான் சொல்கிறார்: நீங்கள் காட்டை வெறுப்பதைக் கண்டேன், டாலோஸின் வல்லமையைக் காட்டுகிறேன் என்று கடவுளே பேசுவதாக.

லாபக் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். கமோரன் தானே ஒரு சொர்க்கத்தைப் படைத்து ஆள் சேர்க்கிறவன். மனிதன் நிலத்தை மாற்றலாம் என்று நம்பவைத்தால்தான் அவன் கடை ஓடும். ஹைம்ஸ்கர், டாலோஸ் வழிபாடு தடைசெய்யப்பட்ட காலத்தில் டாலோஸ் கடவுள்தான் என்று நிரூபிக்கத் துடிப்பவர். இருவரும் சொல்வது உண்மையாக இருக்கலாம், புருடாவாகவும் இருக்கலாம். ஆனால் சொல்வதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஒட்டுத்தான், ஆனால் அந்த உலகத்துத் துணியிலேயே வெட்டிய ஒட்டு.

2014இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் வந்ததும் நூல் அறுந்தது. அந்த ஆட்டம் நடப்பது இரண்டாம் யுகம் 582இல். டைபர் செப்டிம் பிறக்கவே இன்னும் தலைமுறைகள் இருக்கின்றன. அப்போது சிரோடீல் மழைக்காடாக இருந்தாக வேண்டும். ஆனால் திரையில் அதே மிதவெப்பக் காடு. டாலோஸ் எதை மாற்றினான் என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. இதைச் சமாளிக்க ஆட்டத்துக்குள் ஒரு விளக்கம் வைத்தார்கள்: எலின்ஹிரைச் சேர்ந்த ஃப்ராஸ்டஸ் என்ற அறிஞர், பழைய நூல்களில் சிரோடீலைக் காடு என்று சொல்வது படியெடுத்தவரின் பிழை என்கிறார்.

மேசையில் பலருக்கு இந்த விளக்கம் தெரியும். "கேஸ் க்ளோஸ் மச்சி" என்று முடித்துவிடுவார்கள். க்ளோஸ் ஆகவில்லை. பேரரசுக் கையேட்டின் உள்ளுலகத் தேதியைப் பாருங்கள்: இரண்டாம் யுகம் 864, வெளியீடு பேரரசு புவியியல் கழகம். அதாவது ஃப்ராஸ்டஸுக்கு ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்குப் பின். சிரோடீலை ஆண்டுகொண்டு, சிரோடீலிலேயே உட்கார்ந்து எழுதுகிற அரசாங்கப் புவியியலாளர்கள், சன்னலுக்கு வெளியே ஓக் மரம் நிற்க, எங்கோ ஒரு பழைய ஏட்டின் எழுத்துப் பிழையைப் பார்த்து மழைக்காடு என்று எழுதினார்களா? கையேடு டைபர் செப்டிமுக்குத் துதி பாடும் பிரசார நூல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் சொந்த ஊரின் மரத்தைப் பற்றிப் பொய் சொல்வதில் எந்தப் பேரரசுக்கு என்ன ஆதாயம்? ஃப்ராஸ்டஸுக்குத்தான் என்ன ஆதாயம்? அவருடைய பிழைக் கோட்பாட்டால் தாம்ரியேல் கண்டத்தில் எந்த மன்னனும் எந்தக் கோயிலும் எதையும் இழக்கவில்லை, எதையும் அடையவில்லை. லாபம் ஆட்டத்தைத் தயாரித்தவர்களுக்கு மட்டும். அலுவலகத்தில் எழுதிய விளக்கக் கடிதத்துக்கு மேல் ஓர் அறிஞரின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

ஆண்டுகளை வரிசையாகப் போட்டால் 582இல் கண்ணால் கண்டது மிதவெப்பக் காடு. 864இல் எழுத்தில் மழைக்காடு. மூன்றாம் யுகம் 433இல், ஆப்லிவியனில், மறுபடி கண்ணால் கண்டது மிதவெப்பக் காடு. கமோரனை நம்பினால் 582 இடிக்கிறது, ஃப்ராஸ்டஸை நம்பினால் 864 இடிக்கிறது. "எல்லாமே கானன்" என்பவருக்கு இந்த மூன்று எண்ணும் ஒன்றுதான். அதனால்தான் அந்த வாக்கியம் எனக்குக் கசக்கிறது.

ஒட்டு எல்லாமே மோசமில்லை, விதிவிலக்கும் உண்டு. டாகர்ஃபாலில் (1996) டோட்டம் என்ற மந்திரப் பொருளை யாரிடம் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து முடிவு மாறும். அடுத்த ஆட்டம் எந்த முடிவைத் தொடர்வது? எல்லா முடிவும் ஒரே நேரத்தில் நடந்தன, காலமே முறிந்துபோனது என்றார்கள். பார்த்தாலே தெரியும் ஒட்டு. ஆனால் அதற்கு அந்த உலகம் விலை கொடுத்தது: நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றரசுகள் இரண்டு நாளில் நான்காகச் சுருங்கின, படைகள் எங்கிருந்து எங்கே போயின என்று யாருக்கும் விளங்கவில்லை, பேரரசின் ஒற்றர்கள் அறிக்கை எழுதத் திணறினார்கள். ஒட்டு என்று தெரிந்தே ரசிக்கலாம்.

பெட்டியில்லாத சிடி

கோலாலம்பூரில் இந்தச் சண்டைக்கு வேறொரு முகம் உண்டு. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் இங்கே பெரும்பாலானோர் கைக்கு ஆட்டம் வந்தது பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் உறையில் தொங்கிய திருட்டு சிடியாக. பெட்டி கிடையாது, வரைபடம் கிடையாது, மெனுவல் கிடையாது. சில ரிப் பதிப்புகளில் இடம் மிச்சம் பிடிக்க இடைக்காட்சிப் படங்களையும் இசையையும்கூடக் கழற்றியிருப்பார்கள். அந்தக் காலத்து ஆட்டங்கள் பின்கதையைத் திரையில் வைக்கவில்லை, அச்சிட்ட மெனுவலில் வைத்தன. ஆகவே ஒரு தலைமுறையே கதையின் பாதியைப் படிக்காமல் ஆட்டத்தை முடித்தது. இவர்களுக்கு 2006இல் ஆப்லிவியன் காடு எந்த அதிர்ச்சியும் தரவில்லை. மாறியது என்று தெரிந்தால்தானே அதிர்ச்சி. சிங்கப்பூரிலிருந்து மாமா அசல் பெட்டி வாங்கி வந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் குதித்தார்கள். இன்றைக்கும் முப்பத்தைந்து வயது தாண்டிய இரண்டு பேர் ஒரே ஆட்டத்தைப் பற்றித் தீராத சண்டை போட்டால், முதலில் கேட்க வேண்டியது "அண்ணே, மெனுவல் வெச்சிருந்தீங்களா?"

பிளிஸார்டு நிறுவனத்தின் வார்கிராஃப்ட் தொடரில் இது அப்பட்டமாகத் தெரியும். 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 மெனுவலின்படி சார்கெராஸ் என்ற பெரும் வில்லன் மனம் உடைந்து கெட்டதற்கு எரெடார் இனத்தின் கொடுமையும் காரணம். 2007இல் வந்த பர்னிங் க்ரூசேடில் கதை தலைகீழ்: நல்லவர்களாக இருந்த எரெடாரைக் கெடுத்ததே சார்கெராஸ், தப்பி ஓடியவர்கள்தான் டிரேனாய். மெனுவல் வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். ஆட்டம் வெளிவருமுன்பே, 2006இல், கதையை எழுதிய கிறிஸ் மெட்சன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: அது தன் தவறு, எழுதிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதில் மறந்துவிட்டேன் என்று. எழுதியவரே மெனுவலைத் திரும்பப் புரட்டவில்லை! என் கணக்கில் ஃப்ராஸ்டஸின் விளக்கத்தைவிட இந்த ஒப்புதல் நூறு மடங்கு மேல். புதுக் கதை பழையதைவிட நன்றாக இருந்தது, பழையது போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாதாட ஒன்றுமில்லை, அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

மேசைக்கு என்ன கொண்டுவருவது

மலேசியாவில் படித்தவர்கள் முதலாம் படிவத்து வரலாற்றுப் பாடத்திலேயே முதன்மை மூலம், இரண்டாம் நிலை மூலம் என்று மனப்பாடம் செய்தவர்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் வரலாறு தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. அந்தப் பயிற்சியை இங்கே ஏன் கழற்றி வைக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. ஒரு கூற்றை எடுத்தால் அதன் வரியை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், விக்கியின் சுருக்கத்தை அல்ல. விக்கி மூன்று நூல்களின் வரியை ஒரே வாக்கியமாகப் பிசைந்திருக்கும். அந்த உலகத்தில் யார் வாயிலிருந்து வருகிறது, அங்கே எந்த ஆண்டு, நம் உலகத்தில் எந்த ஆண்டு வெளியானது: இரண்டு ஆண்டும் அவசியம். 2014இல் வெளியான ஆட்டம் கதைப்படி மற்றவற்றுக்கு முந்தியது என்பதை மறந்ததால்தான் காட்டு வழக்கில் பாதிப் பேர் வழுக்கினார்கள்.

அடுத்து, எந்தக் கோப்பில் பார்த்தீர்கள் என்பது. மோட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) போட்ட ஆட்டத்தில் படித்த புத்தகம் சாட்சி ஆகாது. ரசிகர்கள் செய்யும் திருத்தப் பேட்ச்கள் ஓட்டைகளை மட்டும் அடைப்பதில்லை. புத்தக வரிகளையும் வசனங்களையும் சேர்த்தே தொடுகின்றன, மாற்றப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். மோட் எதுவுமில்லாத சுத்தமான நிறுவல் ஒன்றைத் தனியே வைத்திருப்பது நல்லது. கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்ற ஆட்டத் திருத்தக் கருவியைத் திறந்து கோப்புக்குள் கிடக்கும் வசனத்தைத் தூக்கிவருகிறவர்களும் கவனிக்க வேண்டும்: உள்ளே இருப்பதெல்லாம் ஆட்டத்தில் வந்தது இல்லை, கைவிட்டதும் அங்கேதான் கிடக்கும். நிறுவனத்தை விட்டுப் போன எழுத்தாளர்கள் வெளியே எழுதியவை தனி அடுக்கு. மைக்கேல் கர்க்பிரைடின் வெளி எழுத்துகள் எனக்கும் பிடிக்கும். அதற்காக விவெக் சொன்னது என்று மேற்கோள் காட்டக் கூடாது.

இந்தத் துல்லியத்துக்குப் பலன் உண்டு. 2010இல் பிளிஸ்கான் என்ற பிளிஸார்டு ரசிகர் மாநாட்டில் சிவப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞர் எழுந்து, குள்ளர்களை ஆளும் புதிய மூன்று சுத்தியல் மன்றத்தில் ஃபால்ஸ்டாட் வைல்ட்ஹாமர் என்ற குள்ளர் தலைவன் ஏன் இல்லை என்று கேட்டார். அவன் செத்துவிட்டானே என்று மேடையிலிருந்து பதில். இல்லை, தொடக்க ஆட்டத்திலிருந்தே ஏரி பீக் (Aerie Peak) என்ற இடத்தில் தலைவனாக நிற்கிறான் என்றார் அவர். ஆள் பெயர், இடம், பதவி, மூன்றே விவரம். அடுத்த பதிப்பான கேட்டாக்ளிசம் வந்தபோது ஃபால்ஸ்டாட் அயர்ன்ஃபோர்ஜ் மன்றத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சிவப்புச் சட்டையோடு ஒரு குள்ளன். வேலை, உண்மை சரிபார்ப்பவர். "நீங்க கதையைக் கெடுத்துட்டீங்க" என்று பொதுவாகக் குரல் கொடுத்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், குள்ளன் கிடைத்திருக்க மாட்டான்.

இந்த இடத்தில் யாராவது இராமாயணத்தை இழுப்பார்கள்: வால்மீகி ஒன்று சொல்கிறார், கம்பன் ஒன்று சொல்கிறார், நமக்கென்ன புதுசா? கோலாலம்பூரில் அதைவிடப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மலாய் வீரன் ஹாங் துவா கொன்ற நண்பன் யார்? ஹாங் துவா காவியத்தில் ஹாங் ஜெபாத். செஜாரா மெலாயுவின் பரவலாகத் தெரிந்த பிரதியில் ஹாங் கஸ்தூரி. மாநகரம் மூவர் பெயரிலும் சாலை வைத்துவிட்டது. பசார் செனியை ஒட்டியே ஜாலான் ஹாங் கஸ்தூரி. ஆனால் அந்தப் பிரதிகளுக்கு உரிமையாளர் இல்லை. ஒரு பிரதி இன்னொன்றை அழிக்க முடியாது. சிரோடீலுக்கு உரிமையாளர் உண்டு, அவர் இன்று இரவு ஒரு பேட்ச் போட்டால் நாளைக் காலை வரி காணாமல் போகலாம். மரபுக் கதையில் பல பாடம் இருப்பதும், உரிமம் வைத்திருப்பவர் தன் சொந்த வரியை மறப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்துப் பேசுவது நிறுவனத்துக்குச் சௌகரியமான வாதம்.

2025 ஏப்ரலில் ஆப்லிவியன் ரீமாஸ்டர்டு வந்தது. அன்ரியல் 5 எஞ்சின். 512 எம்பி கதையெல்லாம் பழங்கதை. வெளிவட்டத்தில் மழைக்காடு வளர்க்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. வளர்க்கவில்லை. வளர்த்திருந்தால் ரசிகர்களே சும்மா விட்டிருக்க மாட்டார்கள் என்றும் நினைக்கிறேன், ஏனென்றால் 1998இன் கையேட்டைப் படித்தவர்களைவிட 2006இன் ஓக் மரத்துக்கு அடியில் குதிரை ஓட்டியவர்கள் பல மடங்கு அதிகம். படித்தது எப்போதும் பார்த்ததிடம் தோற்கும். ஆனால் கமோரனின் மூன்றாம் தொகுதி அப்படியே இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் க்வினாஸிடமிருந்து அதை வாங்கியதும் முதல் எழுத்துகளோடு நிறுத்தாமல் முழுப் பக்கத்தையும் படித்து, 582, 864 இரண்டையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தால், ஃப்ராஸ்டஸைக் காப்பாற்ற யாரிடமாவது நல்ல வாதம் இருக்கிறதா என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.